மியூனிக் திருவிழாவில் பார்த்த மஞ்சள் துணி

"என்ன சார், இந்த வயசுல பீர் குடிக்க ஜெர்மனிக்கே போயிட்டீங்களாமே?" என்று கடற்கரையில் நடக்க வரும் நண்பர்கள் கேலி செய்கிறார்கள். போனது உண்மை. குடித்தது அரைக் கோப்பைதான். ஆனால் அங்கே பார்த்த ஒரு காட்சி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2024 செப்டம்பரில் ஸ்திராஸ்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளைதான், "மாமா, மியூனிக் காரில் நாலு மணி நேரம்தான். அக்டோபர்ஃபெஸ்ட் பார்த்துட்டு வந்துடலாம்" என்றார். என் மனைவி வரவில்லை. அவளுக்குக் குடி என்ற சொல்லே ஆகாது. காரணம் பின்னால் வருகிறது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்கு நெப்போலியன் இல்லாமல் எந்தக் கதையும் தொடங்காது. இதுவும் அப்படித்தான். அவர் தயவால் 1806இல் பவேரியா ஒரு ராஜ்யம் ஆனது. நான்கு வருடம் கழித்து, 1810 அக்டோபர் 12ஆம் தேதி, இளவரசர் லுட்விக்குக்கும் தெரேசாவுக்கும் கல்யாணம். 17ஆம் தேதி ஊருக்கு வெளியே புல்வெளியில் குதிரைப் பந்தயம் வைத்து ஜனங்களை அழைத்தார்கள். மறுவருடம் விவசாயக் கண்காட்சியும் சேர்ந்தது. மணமகள் பெயரால் அந்த இடம் இன்றும் தெரேசியன்வீஸ. பீர் பிறகுதான் பெரிதானது. பெயர் அக்டோபர் என்றாலும், குளிருக்குப் பயந்து செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகிறார்கள்.

உள்ளே போக டிக்கெட் இல்லை. ராட்டினம், குடை ராட்டினம், கைக்குழந்தைகள், தாத்தா பாட்டிகள் என்று நம் ஊர்த் தேர்த் திருவிழா மாதிரிதான் இருந்தது. கூடாரம் என்கிறார்கள், ஒவ்வொன்றும் கல்யாண மண்டபங்கள் பலவற்றைச் சேர்த்துக் கட்டியது போல. ஆயிரக்கணக்கானோர் நீள பெஞ்சுகளில் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கிறார்கள். மியூனிக் நகரத்து ஆறு ஆலைகளின் பீர் மட்டுமே அங்கே விற்கலாம். கோப்பை ஒரு லிட்டர். அந்த வருடம் விலை 13.60 யூரோவிலிருந்து 15.30 வரை இருந்தது, அப்போது நம் பணத்தில் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேல். உட்கார இடம் கிடைத்தவருக்குத்தான் பரிமாறுவார்கள். சாயங்காலம் ஆறு மணி வரை பித்தளை வாத்தியம் மட்டும், அதுவும் அளவான சத்தத்தில். இரவு பத்தரைக்குப் பெரும்பாலான கூடாரங்களில் பீர் நின்றுவிடும்.

எங்கள் பெஞ்சில் என் வயதுக்காரர் ஒருவர் இருந்தார். தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவராம். நல்லவேளை, பிரெஞ்சு தெரிந்தவர். இரண்டு குமாஸ்தாக்கள் சந்தித்தால் என்ன பேசுவோம்? பென்ஷன், முழங்கால் வலி, பிள்ளைகள். எதிரே அவர் மருமகள் கோழி வறுவலைப் பிய்த்துப் பேரனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். மறைத்துக் குடிக்க வேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் இல்லை.

இதைப் பார்த்துவிட்டு, "அவர்கள் நாகரிகமாகக் குடிக்கிறார்கள், நமக்குத்தான் தெரியவில்லை" என்று எழுதினால் பொய்யாகிவிடும். வெளியே வந்தோம். பவேரியா சிலைக்குக் கீழே இருக்கும் புல்மேட்டில் இளைஞர்கள் வாந்தி எடுத்துக்கொண்டும் உருண்டுகொண்டும் கிடந்தார்கள். குடி எங்கேயும் குடிதான்.

அப்போதுதான் மருத்துவ உதவி ஆட்கள் ஒரு தள்ளுகட்டிலைக் கூட்டத்துக்குள் உருட்டிக்கொண்டு போனார்கள். கட்டில் முழுவதும் மேலே மஞ்சள் துணி மூடியிருந்தது. நான் பிணம் என்றே நினைத்துக் கும்பிட்டேன். கூட வந்த தபால்காரர் சிரித்தார். "குடித்து விழுந்தவன். தெளிய வைத்து அனுப்பிவிடுவார்கள். முகம் ஊருக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் மூடுவது. அவன் வேலைக்குப் போக வேண்டாமா?" என்றார்.

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். நல்ல தச்சன். சாராயக் கடையிலிருந்து வீடு வரை வந்து சேர முடியாமல் பல நாள் வழியிலேயே கிடப்பான். வேட்டி விலகி, வாயில் ஈ மொய்க்க, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் சுற்றி நின்று சிரிக்கும். ஒருநாள் காலை அலுவலகம் போகும்போது தூரத்திலிருந்தே அவனைப் பார்த்தேன். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு தெருவில் போய்விட்டேன். சகஊழியர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற வெட்கம். என் மனைவிதான் கேள்விப்பட்டுப் போய்த் தூக்கி வந்தாள். முப்பத்தைந்து வயது ஆவதற்குள் ஈரல் கெட்டு அவன் போய்விட்டான். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் அந்தக் கடைகளின் ஏலக் கணக்கை எழுதியவர்களில் நானும் ஒருவன். வசூலை ஒரு பைசா விடாமல் எழுதினோம். விழுந்தவர்களுக்கு அந்தப் பேரேட்டில் பத்தி இல்லை.

கடைகளை மூடு என்று சிலர், மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்று சிலர். இரண்டிலும் நியாயம் உண்டு. என் கருத்து அதைவிடச் சின்னது. மியூனிக் நகர நிர்வாகம்தான் அந்தத் திருவிழாவை நடத்துகிறது. விற்க இடம் கொடுத்தவர்களே விழுந்தவனைத் தூக்கவும் ஆள் வைத்திருக்கிறார்கள். வருமானம் வேண்டும் என்றால் பொறுப்பும் வேண்டும். கடை ஏலம் விடுகிற எந்த அரசும், அந்தப் பணத்திலிருந்து ஒரு தள்ளுகட்டிலும், குடியை நிறுத்த வருபவனுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கையும் ஒதுக்கட்டும்.

அரசு செய்யும் வரை நாம் செய்யலாம். இப்போது விழுந்து கிடப்பவனைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பிச் சிரிக்கிறார்கள். எனக்கும் வருகிறது. தயவுசெய்து அனுப்பாதீர்கள். வாந்தி மூச்சை அடைக்காமல் இருக்க அவனை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108க்குச் சொல்லுங்கள். தோளில் துண்டு இருந்தால் அவன் மேல் போடுங்கள். அவனுக்கும் ஒரு அண்ணன் இருப்பான், எங்கேயோ சைக்கிளைத் திருப்பிக்கொண்டு.