ஒப்புதல் என்னும் பொய்க்காவல்

“கணினி எழுதட்டும், மனிதன் பார்த்து அனுப்பட்டும். இதில் என்ன ஆபத்து?” மின்னஞ்சலுக்குப் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை விற்பவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். வாங்குபவர்களும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். அனுப்பும் பொத்தான் நம் கையில் இருக்கும்வரை கடிதமும் நம் கைக்குள் இருப்பதாக ஒரு நம்பிக்கை. அது தவறான நம்பிக்கை. ஆங்கிலத்தில் வியாபாரம் பண்ணவேண்டிய நம் ஊர்க்காரர்களை அது நஷ்டத்தில் கொண்டுபோய் விடும்.

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையை எடுத்துக்கொள்வோம். தாமிரபரணிக் கரைக் கோரையை அறுத்து, கீறி, காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, மெல்லிய இழையாக வகிர்ந்து நெய்கிற பாய். புவிசார் குறியீடு பெற்றது. முரட்டுப் பாய் தறியிலிருந்து சீக்கிரம் இறங்கிவிடும். இழை நெருக்கமான 100, 120 கவுண்ட் பாய் என்றால் வாரங்கள் போய் மாதக் கணக்காகும். கல்யாணப் பாய்க்கு மாப்பிள்ளை, பெண் பெயர்களையும் சேர்த்தே நெய்ய வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து ஒரு கடை கேட்கிறது என்று வையுங்கள்: 100 கவுண்ட் பாய் 20 வேண்டும், எப்போது கிடைக்கும்? செயலி நொடியில் பதிலைத் தயார் செய்துவிடும். நன்றி, பாரம்பரியம், பெருமை எல்லாம் ஒழுங்காக இருக்கும். நடுவில் “மூன்று வாரத்தில் அனுப்பிவிடுகிறோம்”, “இயற்கைச் சாயம் மட்டுமே” என்று இரண்டு வரி புகுந்திருக்கும். அந்தத் தறியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கைவினைப் பொருள் விற்பவர்களின் கடிதம் வழக்கமாக எப்படி இருக்குமோ அப்படி எழுதிவைக்கிறது. இன்று ரசாயனச் சாயம் ஏறிய பாய்தான் அதிகம் புழங்குகிறது என்பது ஊர்க்காரருக்குத் தெரியும். ஆனால் ஆங்கிலம் சரளமாக வராது என்பதால்தானே அவர் செயலியிடம் போனார்? தன்னால் எழுத முடியாத நடையில் இருக்கும் கடிதத்தில் எந்த வரியைப் பிடித்துச் சந்தேகப்படுவார்? யாருக்கு இந்த உதவி அதிகம் தேவையோ, அவருக்குத்தான் அதன் பிழை கண்ணில் படாது.

பிழைக்குப் பொறுப்போ முழுக்க அவர் தலையில். விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. மின்னணு வழியில் செய்ததால் மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு.

நன்றாகப் படித்தவர்கள் கவனமாகப் பார்ப்பார்கள் என்பார்கள். 2023 பிப்ரவரி 13 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதை முன்னிட்டு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பீபாடி கல்லூரி அலுவலகம் ஒன்று தன் மாணவர்களுக்கு ஆறுதல் மின்னஞ்சல் அனுப்பியது. சாட்ஜிபிடியைக் கொண்டு எழுதியது என்று அதன் அடியிலேயே குறிப்பு இருந்தது. நடந்தது ஒரு துப்பாக்கிச்சூடு. கடிதம் பன்மையில் பேசியது. கல்வியாளர்களின் கையைத் தாண்டித்தான் அது போனது. மாணவர்கள் கொதித்தார்கள், அலுவலகம் மன்னிப்புக் கேட்டது. துக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு எழுதும் கடிதத்தையே ஊன்றிப் படிக்க முடியாதவர்கள், அன்றாடம் வரும் ஐம்பது கடிதங்களை எப்படிப் படிப்பார்கள்?

இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. ராஜா பரசுராமன் என்ற உளவியல் அறிஞர் சகாக்களோடு 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எப்போதும் ஒரே சீராக வேலை செய்யும் தானியங்கியைக் கண்காணித்தவர்கள் அதன் பிழையை அதிகம் தவறவிட்டார்கள். நம்பகம் ஏறி இறங்கிய தானியங்கியைக் கண்காணித்தவர்கள் அவர்களைவிட நன்றாகப் பிடித்தார்கள். ஆக, செயலி திருந்தத் திருந்த நம் கண் அசரும். அடுத்த பதிப்பு இன்னும் துல்லியமாக இருக்கும் என்ற வாக்குறுதியில் எனக்கு ஆறுதல் கிடைக்காதது இதனால்தான்.

“திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க, எழுதத் தெரிந்தவரிடம் எழுதி வாங்குவதில்லையா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே மனு கொடுக்க வந்த அம்மா முதலில் தன் வழக்கைச் சொல்கிறாள்: எந்த வயல், எந்த வாய்க்கால், யார் மறித்தது. எழுதுகிறவர் கேட்டுக்கேட்டு எழுதி, வாசித்துக் காட்டுகிறார். “அப்படி இல்லய்யா” என்று அவள் இடைமறிக்கிறாள். சொல்ல வேண்டியது அவள் மனசில் ஏற்கெனவே இருப்பதால்தான் அவளால் மறுக்க முடிகிறது. செயலியோ முதலில் தானே பேசிவிடுகிறது. நாம் யோசிக்கும் முன்பே பதில் எதிரே நிற்கிறது; அதற்குத் தலையாட்டுவதுதான் நமக்கு மிச்சம்.

வரிசையை மாற்ற வேண்டும். எத்தனை பாய், எத்தனை நாள், என்ன விலை, எது முடியாது என்று விற்பவர் முதலில் தமிழில் சொல்லட்டும். செயலி அதை ஆங்கிலமாக்கட்டும். நாள், விலை, உறுதிமொழி வரும் இடங்களைத் தானாக நிரப்பாமல் காலியாக விட்டுக் கேட்கட்டும். இதைச் செய்யத் தொழில்நுட்பம் தடையாக இல்லை. அதுவரை, விலையும் தவணையும் உள்ள கடிதத்தைப் பத்தமடைக்காரர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நாலே வரியாக எழுதி அனுப்பட்டும். பாய் வாங்குகிறவருக்கு அது போதும்.