இழுப்பு என்பது எந்த நோய்?

பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள மீனவர் குப்பமொன்றிலிருந்து தாயொருத்தி, "பிள்ளைக்கு இழுப்பு" என்று சொல்லிக்கொண்டு சுகாதார நிலையத்திற்கு ஓடி வருகிறாள் என வைத்துக்கொள்வோம். அவள் சொல்வது மூச்சு இரைக்கும் ஆஸ்துமாவையா, கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பையா? தமிழில் அச்சொல் இரண்டிற்குமே வழங்குகிறது. எதிரில் அமர்ந்திருக்கும் மருத்துவருக்குப் பிள்ளையைப் பார்த்த கணத்தில் ஐயம் தீர்ந்துவிடும். நோயறியும் கணிப்பொறிக்கோ, உள்ளிட்ட சொல் மட்டுமே தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய்ப் பகுப்பில் ஆஸ்துமாவின் குறியீடு ஜே 45. கால்கை வலிப்பின் குறியீடு ஜி 40. குறியீடு பிறழ்ந்தால் அடுத்து எழும் வினாவும் பிறழும், மருந்தும் பிறழும்.

சொற்குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான 'மைசின்' போன்ற நோயறி நிரல்களுக்குப் பின், ஒவ்வொரு நிரலும் தனக்கென ஒரு சொல்வழக்கைக் கொண்டிருந்தது. அவற்றை இணைக்கும் பணியை அந்நாட்டுத் தேசிய மருத்துவ நூலகம் 1986இல் தொடங்கியது. பல சொற்கள், பின்னே ஒரே கருத்து, அதற்கு ஓர் எண் என்பதே அதன் அடிப்படை. இதே நெறியில் அமைந்த 'ஸ்னோமெட் சி.டி.' என்னும் பன்னாட்டுச் சொற்றொகுதியில் இந்தியா 2014இல் உறுப்பு நாடாயிற்று.

பழவேற்காட்டில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. கரையில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கின்றன. தமிழர் 'மூர்ச்சை' என்றால் நினைவிழந்து வீழ்தல். தெலுங்கர் 'மூர்ச்ச' என்றால் பெரும்பாலும் வலிப்பு நோய். நம் 'மயக்கம்' மட்டும் என்ன? தலைசுற்றலும் மயக்கமே, நினைவிழத்தலும் மயக்கமே. பகுப்பில் முன்னது ஆர் 42, பின்னது ஆர் 55.

தமிழில் மருத்துவக் கலைச்சொல் முயற்சி புதியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவரது 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. அவருக்குப் பின் வந்த நம் கலைச்சொற் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை இடப்பக்கத்திலும் தமிழை வலப்பக்கத்திலும் வைத்தே அச்சாயின. மாணவர்க்குப் பாடம் சொல்ல அது போதும். வடசொல்லா தென்சொல்லா என்னும் வழக்கிலேயே நாம் நெடுங்காலத்தைக் கழித்தோம். (அவ்வழக்கில் அடியேனும் குரல் உயர்த்தியதுண்டு.) நோயறி கணிப்பொறிக்கு வேண்டுவதோ எதிர்த்திசைப் பட்டியல்: நோயாளியின் வாய்ச்சொல் முதலில், அதன் பொருள்கள் அடுத்து, பொருளைப் பிரித்தறியும் வினா அதன்பின், இறுதியில் குறியீடு. 'நீரிழிவு' என்பதை மட்டும் தரச்சொல்லாக்கி, 'சர்க்கரை' என்பாரையும் மலேசியத் தமிழர் வழங்கும் 'இனிப்புநீர்' என்பதையும் புறந்தள்ளினால், தரப்படுத்தியது அகராதியை மட்டுமே.

இப்பணி மருத்துவரால் மட்டும் முடியாது. பேச்சு வழக்கைப் பதிவு செய்யப் பயின்ற தமிழ் மாணவர்களும் வேண்டும். நம் துறை மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் ஏரிக்கரைக் குப்பங்களுக்குச் செல்லட்டும். தெலுங்கறிந்த ஒருவரும், குறியீடு பொருத்த ஒரு மருத்துவரும் உடன் வரட்டும். நீரில் நின்று இறால் பிடிக்கும் பெண்கள் தம் கால் புண்ணை என்னவென்று சொல்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். இழுப்புக்கு மட்டும் ஏட்டில் இரண்டு பக்கம் விட்டுவையுங்கள்.