காய்ச்சலுக்குப் பின் வரும் கிறுகிறுப்பு

உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸ், ஒரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியாவால் வருவது. புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒட்டுண்ணியின் இளம்புழு கடிக்கும்போது கிருமி உடலுக்குள் நுழைகிறது. கடித்த 6 நாளிலிருந்து 3 வாரத்துக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி தொடங்கும். உரிய மருந்து தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். சிலருக்கு அதன் பிறகும் காது இரைச்சல், காது மந்தம், தலைசுற்றல், தீராத அசதி ஆகியவை வாரக்கணக்கில் நீடிக்கின்றன.

மேலை நாடுகளில் இதே போன்ற நீண்ட தொல்லையைத் தருவது லைம் நோய். 1975இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரையொட்டி வாழ்ந்த சிறுவர்கள் பலருக்கு மூட்டு வீங்கியது. அதை ஆராய்ந்தபோது அறியப்பட்ட நோய் இது. உண்ணி கடித்துப் பரவுவது. இந்தியாவில் இது அரிது; கேரளத்தில் வயநாடு போன்ற இடங்களில் பதிவாகியிருக்கிறது. தமிழ்நாட்டில் மழைக்குப் பிந்தைய குளிர்ந்த மாதங்களில் அதிகம் காணப்படுவது உண்ணிக் காய்ச்சல்தான். வேலூர், திருவண்ணாமலை மாவட்டக் கிராமங்களில் 32,000க்கும் மேற்பட்டோரை இரண்டு ஆண்டு கவனித்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வு, காய்ச்சலால் மருத்துவமனையில் சேர்வதற்கு இது முக்கியக் காரணம் என்று காட்டியது.

சேலம், நாமக்கல் சமவெளியில் மரவள்ளிக் காட்டில் களை எடுப்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், ஏற்காடு, கொல்லிமலை அடிவாரத்தில் விறகு பொறுக்குபவர்கள் இந்த ஒட்டுண்ணியிடம் கடிபடக் கூடியவர்கள். எலி நடமாடும், புதர் மண்டிய காலி மனை இருந்தால் நகரத்திலும் ஆபத்து உண்டு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு தோன்றலாம். அது வலிக்காது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்பின் அடி என மறைவான இடத்தில் இருப்பதால் பலரும் கவனிப்பதில்லை. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய மருந்துகளுக்கு இந்தக் கிருமி கட்டுப்படும். டைபாய்டுக்குத் தரும் செஃப்ட்ரையாக்சோன் ஊசி இதற்குப் பயன்படாது. பெயர் ஒத்திருந்தாலும் டைபஸ் வேறு, டைபாய்டு வேறு.

இந்த நோய் காதைத் தாக்குவதை இரண்டாம் உலகப் போர்க் காலத்து மருத்துவர்களே அறிந்திருந்தார்கள். பின்னாளில் அது மறக்கப்பட்டது. 2006இல் இலங்கை மருத்துவர்கள் காய்ச்சலோடு திடீரென்று காது கேளாமல் போன நோயாளிகளைப் பற்றி எழுதி, அதை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

கேட்கும் உறுப்பும் உடம்பை நிலைநிறுத்தும் உறுப்பும் உட்செவியில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒவ்வொரு காதிலும் திரவம் நிறைந்த 3 அரைவட்டக் குழாய்கள் உண்டு. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று இரண்டு காதுகளும் மூளைக்கு ஓயாமல் செய்தி அனுப்புகின்றன. ஒரு காதோ அதன் நரம்போ பழுதுபட்டால் செய்தி ஒருபக்கமாகச் சாயும். படுத்துக் கிடப்பவரின் தலை சுழல்வதாகவே மூளை எடுத்துக்கொள்ளும். சுவரும் கூரையும் சுற்றுவது அதனால்தான்.

சேலத்துப் பக்கம் இதைக் கிறுகிறுப்பு, மயக்கம், பித்தம் என்று பல பெயரில் சொல்வார்கள். மருத்துவரிடம் பெயரைச் சொல்வதைவிட நடந்ததை விவரித்தால் காரணம் விளங்கும். எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டினால் அது பெரும்பாலும் நீரிழப்பாலும் பலவீனத்தாலும் ரத்த அழுத்தம் இறங்குவது. படுக்கையில் புரளும்போது ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுற்றி நின்றுவிட்டால், உட்செவியின் சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து குழாய்க்குள் விழுந்திருக்கலாம். நாள் முழுக்க விடாமல் சுற்றி, வாந்தியும் வந்தால் காது நரம்பு அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இவையும் நிலைகாக்கும் உறுப்பைக் கெடுக்கக் கூடியவை.

துகள் விலகலுக்கு மாத்திரையைவிட எப்ளி முறை நல்ல பலன் தரும். மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட நிலைகளில் வரிசையாகத் திருப்பி, துகள்களை அவை இருந்த இடத்துக்கே கொண்டுபோவார். சில நிமிட வேலை. காதிலோ நரம்பிலோ பழுது என்றால் தீர்வு மூளையிடம் இருக்கிறது. குறைந்த செய்தியை வைத்துக்கொண்டு நிலைநிற்க மூளை மெல்லப் பழகும். தலையை அசைத்து நடமாடினால்தான் அது பழகும். புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்ற மாத்திரைகள் சுற்றல் உச்சத்தில் இருக்கும் முதல் இரண்டு மூன்று நாளுக்கு உதவும். மாதக்கணக்கில் விழுங்கினால் மூளை பழகுவது தள்ளிப்போகும். இவற்றைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டியவை.

மூளையைப் பழக்கும் பயிற்சி எளிமையானது. கட்டை விரலைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்து, பார்வையை அதிலிருந்து எடுக்காமல் தலையை இடம் வலமாக ஒரு நிமிடம் அசைக்க வேண்டும். பிறகு மேலும் கீழுமாக. நாளைக்கு மூன்று முறை, முதலில் உட்கார்ந்து, சில நாள் கழித்து நின்று, பிறகு நடந்துகொண்டே. சுவரோரம் இரண்டு பாதங்களையும் சேர்த்து நிற்பதும், குதிகாலை விரல்நுனியோடு ஒட்டி அடியெடுத்து வைப்பதும் அடுத்த படிகள். செய்யும்போது லேசாகச் சுற்றவே செய்யும். அதற்குப் பயந்து நிறுத்தக் கூடாது. வாந்தி வருமளவுக்குச் சுற்றினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பழகி முடியும்வரை கண்ணும் பாதமும்தான் துணை. எனவே இரவில் கழிப்பறை வழியில் விளக்கு எரியட்டும். தலைக்குக் குளிக்கும்போது ஸ்டூலில் உட்காருவது நல்லது. ஏணி, பனைமரம், கிணற்றுமேடு, விசைத்தறியின் ஓடும் பாகங்கள் ஆகியவற்றின் அருகில் போகக் கூடாது. லாரி ஓட்டுநரும் இருசக்கர வாகனம் ஓட்டுபவரும் மருத்துவர் அனுமதிக்கும்வரை ஓட்டக் கூடாது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கான பயணமும் காத்திருக்கலாம்.

அசதிக்கும் அதோடு வரும் ஞாபக மந்தத்துக்கும் ஏற்ற வழி, வேலையைப் பிரித்துச் செய்வது. தெம்பு வந்த நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்த்தால் மறுநாள் எழ முடியாது. ஆன்டிபயாடிக்கைத் தாமாக நீட்டிப்பதில் பலன் இல்லை. இதுபோலவே நீடிக்கும் லைம் தொல்லைகளுக்கு நீண்டகால ஆன்டிபயாடிக் கூடுதல் நன்மை தரவில்லை என்று 2001, 2016ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின.

சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகம் கோணுதல், ஒரு பக்கம் பலமிழத்தல், நடக்கவே முடியாமை இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108ஐ அழைக்க வேண்டும். திடீரென்று காது கேட்காமல் போனாலும் நாள் கடத்தாமல் அன்றே காட்ட வேண்டும். சேலத்தின் ஃபேர்லேண்ட்ஸ் பகுதித் தெருக்களில் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது.

தலைசுற்றல் வெளியே தெரியாத நோய். காய்ச்சல் விட்ட பிறகும் ஒருவர் சுவரைப் பிடித்து நடந்தால், அதைச் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ வீட்டார் எண்ணிவிடக் கூடாது. அவர் சொல்வதை நம்புங்கள். பயிற்சி செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள்.