ஏவுவதோ ஒருநாள், பின்தொடர்வதோ பல்லாண்டு

செயற்கைக்கோள் ஒன்று ஏவப்படும் நாளில் செய்தித்தாள்களின் முதற்பக்கம் புகைமண்டலத்தாலும் கைதட்டி மகிழும் அறிஞர்களின் படங்களாலும் நிறைந்துவிடுகிறது. மறுநாள் முதல் அது எங்கே சென்றது, என்ன கண்டது என்று கேட்பார் இலர். ஏவுதலைப் போற்றும் அளவுக்குப் பின்தொடர்தலை உலகம் போற்றுவதில்லை. அறிவியல் பெரும்பாலும் பிறப்பது இந்த இரண்டாவதில்தான் என்பது நம் கருத்து.

பின்தொடர்தல் என்பது பொருள் காணாமற்போகாவண்ணம் காவல் காப்பது என்றே பலரும் எண்ணுகின்றனர். வரலாறு வேறு கூறுகிறது. 1957 அக்டோபரில் சோவியத் நாட்டின் ஸ்புட்னிக் வானில் உலவத் தொடங்கியபோது, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகமொன்றில் பணியாற்றிய வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்னும் இருவர் அதன் வானொலிக் குறிப்பைச் செவிமடுத்தனர். கோள் நெருங்கி வருங்கால் அதிர்வெண் கூடுகிறது. விலகிச் செல்லுங்கால் குறைகிறது. இந்த டாப்ளர் விளைவைக் கொண்டே அதன் பாதையை அவர்கள் கணித்துவிட்டனர். அடுத்து, 1958இல் ஏவப்பட்ட வான்கார்டு-1 என்னும் சிறு கோளின் பாதையைத் தொடர்ந்து கணித்ததன் பயனாக, நம் பூமி சற்றே பேரிக்காய் வடிவினது என்பது 1959இல் தெரியவந்தது. பூமியின் வடிவை அளக்கும் கருவி எதுவும் அக்கோளில் இல்லை. அதன் பாதையே கருவியாயிற்று.

இவ்வுண்மையை முற்றாகப் பயன்படுத்திக்கொண்டது கிரேஸ் என்னும் திட்டம். அமெரிக்காவும் ஜெர்மனியும் இணைந்து உருவாக்கிய இரட்டைச் செயற்கைக்கோள்கள் 2002 மார்ச் 17 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் தளத்திலிருந்து ஏவப்பட்டன. ஏறத்தாழ 500 கிலோமீட்டர் உயரத்தில், துருவத்திற்குத் துருவம் செல்லும் பாதையில், ஒன்றன்பின் ஒன்றாக அவை சென்றன. கோள்கள் வடக்கு தெற்காகச் செல்ல, பூமி அவற்றின் கீழே கிழக்கு நோக்கிச் சுழல்வதால், நிலமும் கடலும் பனியும் முறைவைத்து அவற்றின் அடியில் வந்து போயின. இரண்டிற்கும் இடைவெளி சுமார் 220 கிலோமீட்டர். ஆய்வாளர்கள் செல்லமாக இட்ட பெயர்கள் டாம், ஜெர்ரி. துரத்திக்கொண்டே இருந்தும் பிடிபடாத பூனை எலிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை!

முன்செல்லும் கோள், நிறை மிகுந்த ஒரு நிலப்பகுதியை நெருங்கும்போது சற்று முன்னதாகவே ஈர்க்கப்படுகிறது, இடைவெளி விரிகிறது. பின்வருவது அவ்விடத்தை நெருங்கும்போது இடைவெளி மீண்டும் சுருங்குகிறது. நுண்ணலைகளை ஒன்றுக்கொன்று அனுப்பி, தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நுண்ணிய மாற்றத்தையும் அவை அளந்தன. மெல்லிய காற்றின் உராய்வும் சூரிய ஒளியின் அழுத்தமும்கூடப் பாதையைக் குலைப்பவை. அவற்றைத் தனியே அளந்து கழிப்பதற்கும் கருவி இருந்தது. ஆக, ஒன்றையொன்று பின்தொடர்வதே அவற்றின் ஆய்வாக அமைந்தது.

இதனால் விளைந்த பயன் நம் நாட்டையும் தொட்டது. ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா மாநிலங்களின் நிலத்தடி நீர் 2002 ஆகஸ்டு முதல் 2008 அக்டோபர் வரையான காலத்தில் 109 கன கிலோமீட்டர் குறைந்துவிட்டதென மேத்யூ ரோடெல் முதலிய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்டனர். மேட்டூர் நீர்த்தேக்கத்தை நாற்பது முறை நிரப்பக்கூடிய நீர் அது. அக்காலத்தில் மழை பெரிதும் பொய்த்துவிடவில்லை. பாசனத்திற்காக இறைத்த நீரே பெரும் காரணம் என்பது அவர்கள் முடிவு.

ஒரு கிணற்றின் நீரை இக்கோள்கள் அறியமாட்டா. சில நூறு கிலோமீட்டர் பரப்பின் மொத்தத்தையே அவை உணரும். மண்ணின் ஈரத்தைக் கணக்கிட்டுக் கழித்த பிறகே நிலத்தடி நீரின் அளவு கிடைக்கிறது. எனவே கிணறுகளில் நேரில் எடுக்கும் அளவீடு தேவையில்லை என்று எவரும் வாதிடல் ஆகாது. ஆயினும், தன் கிணறு வற்றியதைத்தான் உழவன் அறிவான். மேலும் ஆழமாகத் தோண்டினால் தீரும் என்றும் எண்ணுவான். அடுத்த வயலுக்குரியவனும் அவ்வாறே எண்ணுவான். அனைவரும் ஒரே கலத்திலிருந்துதான் முகக்கிறார்கள் என்பதை எவரும் மறுக்கவியலாத எண்ணாகக் காட்ட, ஆண்டுக்கணக்கில் இடைவிடாத பதிவு வேண்டியிருந்தது. ஒரு மாதத்து அளவீட்டால் பயனில்லை. ஆண்டுதோறும் வரும் மழையும் கோடையும் அதனை மயக்கிவிடும்.

இங்குதான் நம் மனக்குறை. ஐந்தாண்டுப் பணிக்கென அனுப்பப்பட்ட அக்கோள்கள் பதினைந்தாண்டு உழைத்தன. மின்கலங்கள் தளர்ந்து, 2017இல் பணி முடிந்தது. அவற்றின் வழித்தோன்றலாகிய கிரேஸ்-எஃப்.ஓ. இணை 2018 மே 22 அன்றுதான் ஏவப்பட்டது. இடையே ஏறத்தாழ ஓராண்டுப் பதிவு உலகுக்கு இல்லாமற் போயிற்று. முதற்கோள்கள் முதுமையடைவது முன்னரே தெரிந்ததுதானே? புதியதை ஏவக் கிடைக்கும் ஆர்வமும் பொருளும், இருப்பது அறுந்துவிடாமல் காப்பதற்குக் கிடைப்பதில்லை. பல நாடுகளின் அரசுகளுக்கும் பொருந்தும் குற்றச்சாட்டே இது. அந்த மாதங்களில் பஞ்சாபின் நிலத்தடியில் எவ்வளவு நீர் ஏறி இறங்கியதென்பதை இனி எக்கோளை அனுப்பியும் நேரடியாக அளக்க இயலாது.

மாணவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுண்டு. இக்கோள்களின் மாதாந்தரப் பதிவுகள் கட்டணமின்றி யாவர்க்கும் கிடைக்கின்றன. ஏவூர்தி புறப்படும் காட்சியைக் காணக் கூடும் நம் இயற்பியல் மாணவரும், வேளாண்மைப் பொருளாதாரம் பயிலும் மாணவரும் ஒரு பருவத்திற்கேனும் சேர்ந்தமர்ந்து அப்பதிவுகளைப் படித்துப் பார்க்கட்டும். பஞ்சாபிற்குப் போடப்பட்ட கணக்கை முதலில் தாமே போட்டுப் பார்க்கலாம். 2008க்குப் பின் அந்நிலத்தடி நீர் என்னவாயிற்று என்பதை அடுத்துக் கணக்கிடலாம்.