கையில் கட்டிய வாட்ச்சுக்கும் வரியா? அர்னால்டு சிக்கியது ஏன்?

2024 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் விமான நிலையத்தில் நடிகர் அர்னால்டு ஸ்வார்ஸ்னேகரை சுங்க அதிகாரிகள் சுமார் 3 மணி நேரம் நிறுத்தி வைத்தனர். காரணம், ஒரு 'ஆடமார் பிகே' சொகுசு வாட்ச்.

"சொந்த வாட்ச்தானே, இதுக்கு என்ன வரி?"ன்னு கேட்கத் தோணும். விஷயமே அங்கதான் இருக்கு. சுற்றுலா வருபவர் தன் வாட்ச்சைக் கட்டி வந்து, திரும்பக் கொண்டுபோனால் வரி இல்லை. ஆனால் இந்த வாட்ச் ஆஸ்திரியாவில் பருவநிலை நிதிக்கான ஏலத்துக்குப் போக வேண்டியது. விற்றால் ஐரோப்பிய யூனியனிலேயே தங்கிவிடும். அப்போ அது இறக்குமதிப் பொருள். வெளியிலிருந்து வரும் விமானப் பயணிக்கு வரிச்சலுகை 430 யூரோ வரைதான். அதற்கு மேல் என்றால் வந்து இறங்கியதுமே தெரிவிக்கணும். ஏலப் பணம் நல்ல காரியத்துக்குத்தான் என்றாலும் சொல்லாமல் கொண்டுவர முடியாது.

பணம் கட்டியபின் அர்னால்டு கிளம்பினார். அடுத்த நாள் அந்த வாட்ச் 2,70,000 யூரோவுக்கு ஏலம் போனது.