சுறாத் தூண்டிலும் ரீலின் தேர்வும்

மனிதன் பொழுதுபோக்கின் பொருட்டுக் கைக்கொள்ளும் விளையாட்டுக்கள் பலவாம். அவற்றுட் சில ஆடுவோனை மட்டும் களைப்பிப்பன. சில, வாயில்லாத மற்றோர் உயிரையும் ஆட்டத்தில் இழுத்துக்கொள்வன. பின்னவற்றுள் ஒன்று, படகேறாது கரையில் நின்றவாறே கோலும் தூண்டிலுங் கொண்டு சுறாமீனைப் பிடிப்பதாகிய விளையாட்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் ப்ளோரிடா, டெக்ஸாஸ் முதலிய கரைகளிலும், தென்னாப்பிரிக்கக் கரையிலும் இதனை விரும்பி ஆடுவோர் பலர். அவர்கள் தம்முள் ஓயாது விவாதிக்கும் விஷயம், எறிவதற்கு எந்த ரீலை வாங்குவது என்பதே. ரீலாவது, கோலின் அடிப்பாகத்திற் பொருத்தி நூலைச் சுற்றிவைக்கும் உருளை யந்திரம். கடைச்சரக்கைப் பற்றிய இக்கேள்விக்குக் கல்லூரிச் சஞ்சிகையில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். பௌதிக நூலும் உயிர் நூலும் நீதி நூலும் ஒருங்கே சந்திக்கும் இடம் இஃது என்பதே எமது விடை.

வாங்கச் செல்வோர் பெரும்பாலும் முதலிற் கேட்பது, 'இஃது எவ்வளவு தூரம் எறியும்?' என்பதாம். முதலிற் கேட்க வேண்டுவதோ, 'பிடிபட்ட மீனை இஃது எவ்வளவு விரைவிற் கரைசேர்க்கும்?' என்பதே. இவ்விரண்டனுள் முன்னதை மட்டுங் கேட்டு வாங்குதல் தவறு என்பதை நிலைநாட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், இக்கருவியின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கென்டகி மாகாணத்துப் பாரிஸ் என்னும் ஊரில் வாழ்ந்த ஜார்ஜ் ஸ்னைடர் என்னும் கடிகாரத் தொழிலாளர், கைப்பிடியை ஒருமுறை சுற்ற உருளை பலமுறை சுழலும்படி பற்சக்கரங்கள் அமைத்த ரீலைச் செய்தார். எனினும், அவ்வகை ரீல்களில் மீன் ஓடுங்கால் கைப்பிடியும் உடன் பின்னோக்கிச் சுழன்று விரல்களை நசுக்கும். ஓட்டத்தைத் தடுக்கப் பெருவிரலால் ஒரு தோல்துண்டை உருளைமேல் அழுத்துவதன்றி வேறு வழியில்லை. 1913-ஆம் ஆண்டளவில் வில்லியம் பாஷன் என்பாரின் யோசனைப்படி ஜூலியஸ் வாம் ஹோபே என்னும் ரீல் செய்வோர், நட்சத்திர வடிவுடைய திருகினால் முடுக்கத்தக்க உட்தடையொன்றை அமைத்தார். அது முதல், கைப்பிடி அசையாதிருக்கவே மீன் நூலை இழுத்தோட இடமுண்டாயிற்று. 1932-இல் பிலடெல்பியா நகரில் ஆட்டோ ஹென்ஸே தொடங்கிய பென் கம்பெனியாரின் 'ஸெனட்டர்' என்னும் பெரு ரீல் 1936-இல் வெளிவந்தது. கரையிற் சுறா பிடிப்போர் பன்னெடுங்காலம் அதனையே நம்பியிருந்தனர்.

தென்னாப்பிரிக்கக் கரையிலோ, பற்சக்கரமும் உட்தடையும் இல்லாத 'ஸ்கார்பரோ' என்னும் எளிய பெருவட்ட ரீலே நெடுங்காலம் வழங்கியது. அந்நாட்டு ஹெர்மானஸ் என்னும் ஊரில் 1920-களில் ஸெல்கிர்க் என்பார் பாறைமேல் நின்று, பல மணி நேரம் போராடி, 2,176 இராத்தல் நிறையுள்ள வெள்ளைச் சுறாவொன்றைக் கோலினாற் பிடித்தார். 1964-இல் தென் கரோலினா மாகாணத்துச் செர்ரி குரோவ் என்னுமிடத்துக் கடற்பாலத்தினின்று வால்டர் மாக்ஸ்வெல் என்பார் 1,780 இராத்தல் புலிச்சுறாவைப் பிடித்தார். மீனைக் கொன்று தூக்கி நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வதே அக்காலத்து வழக்கம். மீன் மாளுவது உறுதியாகையால், போராட்டம் ஒரு மணியா ஐந்து மணியா என்பதைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை.

இப்பொழுது நிலைமை வேறு. 1991-இல் தென்னாப்பிரிக்க அரசாங்கம் வெள்ளைச் சுறாவைச் சட்டத்தினாற் காத்தது. உலகில் அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. ப்ளோரிடாவிற் புலிச்சுறாவையும் கொம்பன் சுறா வகைகள் மூன்றையும் பிடித்து வைத்துக்கொள்ளுதல் 2012 முதல் விலக்கப்பட்டிருக்கிறது. பெருங்கொம்பன் சுறா அழிவின் விளிம்பில் நிற்பதென 2019-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் வகுத்தனர். ஆகவே, இன்று கரையில் நிற்பவன் தான் பிடித்த சுறாவைப் பெரும்பாலும் விட்டுவிடவே வேண்டும். விடப்பட்ட மீன் பிழைக்கவும் வேண்டும். இல்லையேல் விட்டதனாற் பயன் யாது? இவ்விடத்தேதான் ரீலின் தேர்வு வெறுஞ் சௌகரியத்தைப் பற்றிய கேள்வியாக இராமல், கடமையைப் பற்றிய கேள்வியாக மாறுகிறது.

நிற்க. எறிவதற்கேற்ற ரீலின் இலக்கணம் யாது? கோலை வீசும்பொழுது ஈயக்குண்டும் இரையும் விரைந்து பறக்க, உருளையும் உடன் சுழன்று நூலை விடுகிறது. காற்றின் தடையால் ஈயம் வேகங் குறையும். உருளையோ தன் சடத்துவத்தினால் முன்போலவே சுழலும். வெளியேறுவதினும் மிகுதியாக விடப்பட்ட நூல் உருளையின்மேற் குருவிக்கூடு போற் சிக்கிக்கொள்ளும். இதனைத் தடுக்கப் பெருவிரலே முதற் கருவி. சுழற்சியினால் வெளித்தள்ளப்பட்டு உராயும் சிறு கட்டைகளும், உலோக உருளையின் அருகே வைத்த காந்தங்களும் இக்காலத்து ரீல்களில் அதற்குத் துணையாவன. காந்தம் உருளையைத் தொடுவதில்லை. சுழலும் உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி, அதனாலேயே அதனை அடக்குகிறது. உருளை எவ்வளவு சிறிதும் இலேசுமாயிருக்கிறதோ, அவ்வளவுக்குச் சிக்கல் குறையும். எறியுந் தூரமும் மிகும். எனவே, தூரம் ஒன்றையே நாடுவோன் சிறிய ரீலையே வாங்குவான்.

ஆனால் மீன் சிக்கியபின் வேண்டுவன இதற்கு நேர்மாறானவை. சுறா ஓடத்தொடங்கினால் இருநூறு முந்நூறு கஜம் நில்லாது ஓடவல்லது. படகிலிருப்பவன் அதனைத் தொடர்ந்து செல்லலாம். கரையில் நிற்பவனுக்கோ உருளையிலுள்ள நூலே எல்லை. அன்றியும், நூல் குறையக் குறைய உருளைச் சுற்றின் விட்டமும் குறைகிறது. உட்தடையின் முறுக்கு மாறாதிருக்க விட்டம் குறைந்தால், நூலில் விழும் இழுவை அதே விகிதத்தில் ஏறும். நிறைந்த உருளையில் 20 இராத்தல் இழுவைக்கு முடுக்கிய தடை, சுற்றின் விட்டம் பாதியானவுடன் 40 இராத்தலாகும். மூன்றிலொன்றானால் 60 ஆகும். திருகை ஒருவரும் தொடாதிருக்கவே 50 இராத்தல் தாங்கும் நூல் அறுந்துபோம். அப்பொழுது சுறா தூண்டிலையும் நூறு கஜ நூலையும் உடலோடு இழுத்துக்கொண்டு கடலிற் சென்றுவிடும்.

வெப்பத்தையும் கணக்கிடுவோம். 30 இராத்தல் இழுவையில், அதாவது சற்றேறக்குறைய 13.6 கிலோ எடைக்குச் சமமான தடையில், மீன் 300 மீட்டர் ஓடினால் நிகழும் வேலை ஏறத்தாழ 40,000 ஜூல் ஆகும். ஒரு லிட்டர் நீரை ஏறக்குறைய ஒன்பதரைப் பாகை சூடேற்ற அது போதும். அவ்வளவு வெப்பமும் கைக்கடங்கிய சில தட்டுக்களினிடையே பிறக்கிறது. பழைய ரீல்களின் தோல் தட்டுக்கள் காய்ந்து கருகி, தடை ஒருகால் இறுகியும் ஒருகால் நழுவியும் நிற்கும். கரிநாரினாற் செய்த இக்காலத் தட்டுக்கள் இவ்வெப்பத்தைப் பெரிதும் பொறுக்கும். ஆயினும் சிறிய ரீலில் தட்டுக்களும் சிறியனவாதலின், வெப்பம் பரவ இடமில்லை என்பதை மறத்தலாகாது.

எறிதற்குச் சிறுமையும் இழுத்தற்குப் பெருமையும் வேண்டும் என்பதே இதிலுள்ள முரண்பாடு. மிகப் பெரிய சுறாவை நாடுவோர் எறிவதையே விட்டு, இரையைச் சிறு துடுப்போடத்திற் கொண்டுபோய்ப் போட்டுவருகின்றனர். எறிந்தே பிடிக்க விரும்புவோன், தன் ரீல் தாங்கும் மீனையே நாடுதல் வேண்டும். குளிர்காலத்தில் தென்கிழக்கு ப்ளோரிடாக் கரையையொட்டி ஆயிரக்கணக்கில் வந்து கூடும் கருநுனிச் சுறா, பெரும்பாலும் நூறு இராத்தலுக்கு உட்பட்டது, அலைக்கருகிலேயே மேய்வது. ஆறு முதல் எட்டு அவுன்ஸ் ஈயத்தை எறியவல்ல நடுத்தர ரீல் அதற்குப் போதுமானது. அத்தகைய ரீலில் 50 இராத்தல் தாங்கும் பின்னல் நூல் 400 கஜமேனும் கொள்ள வேண்டும் என்பதும், எறிதூரத்திற் பத்து கஜம் குறைந்தாலும் தடையின் வலிமையிற் குறைவு கூடாது என்பதும் எமது அபிப்பிராயம். வாங்குமுன் நூலின் நுனியை ஒரு விற்றராசிற் கட்டி, உருளை நிறைந்திருக்கும்போதும் பாதி நூல் வெளியேறியபோதும் இழுத்துப் பார்த்தால், கடைக்காரரின் வாய்மொழியினும் உண்மையான விடை கிடைக்கும்.

மீனின் பக்கத்தையும் கேட்போம். ஓடிக் களைத்த சுறாவின் தசைகளிற் பாலமிலம் மிகுந்து இரத்தத்திற் கலக்கிறது. தென் ப்ளோரிடாக் கடலில் ஐந்து வகைச் சுறாக்களைப் பிடித்துவிட்டுச் சோதித்த ஆராய்ச்சியொன்று 2014-இல் வெளியாயிற்று. அவற்றுட் புலிச்சுறா மிகக் குறைவாகவும், பெருங்கொம்பன் சுறா மிக அதிகமாகவும் துன்புறுவது அதிற் கண்டறியப்பட்டது. நீந்திச் செல்வது போலத் தோன்றும் கொம்பன் சுறா, கண்காணாத ஆழத்திற் சென்று மாண்டுபோகக் கூடும். கரையில் நின்றவனோ, 'உயிரோடு விட்டேன்' என்று மனநிறைவோடு வீடு செல்வான்.

2019 ஜூலை முதல், ப்ளோரிடாவிற் கரையிலிருந்து சுறா பிடிப்போர் பயிற்சி முடித்து அனுமதிச்சீட்டுப் பெறுதல் வேண்டும். விலக்கப்பட்ட மீனை நீரினின்று வெளியே இழுக்கலாகாது. அதன் செவுள்கள் நீரில் அமிழ்ந்திருக்க வேண்டும். இயற்கை இரைக்குத் துருப்பிடிக்கக்கூடிய வட்டமுள்ளே ஆகும். நூலையோ முள்ளையோ உடனே வெட்டும் கருவி கையிலிருத்தல் வேண்டும். இவை நல்ல விதிகளே. ஆயினும் ரீலின் வலிமை இன்னதாயிருக்க வேண்டுமென்று இவற்றுள் ஒன்றும் வரையறுக்கவில்லை. சட்டம் நில்லாத அவ்விடத்தில் ஆடுவோனின் மனச்சாட்சியே நிற்க வேண்டும்.

இதற்கு எதிராகக் கூறப்படும் நியாயங்கள் மூன்று. மெல்லிய நூலும் சிறிய ரீலுங் கொண்டு பெரிய மீனை வெல்வதே திறமை என்பர் ஒருசாரார். மீனைக் கொல்லும் காலத்தில் அவ்வாதம் ஒருவாறு பொருந்தியிருக்கலாம். விட்டுவிடும் காலத்தில், மனிதன் பெறும் புகழுக்கு மீனன்றோ விலை கொடுக்கிறது? நல்ல ரீல் விலை மிகுந்தது. எளியவன் என் செய்வான் என்பர் மற்றொருசாரார். சிறிய ரீலுடையவன் சிறிய மீன்களைப் பிடித்து மகிழத் தடையில்லை. சுறாவையே பிடித்தாக வேண்டும் என்னும் கட்டாயம் எவருக்கும் இல்லை. இவ்விளையாட்டையே ஒழித்துவிடுதல் நலம் என்பர் மூன்றாஞ்சாரார். அவர் கூற்றை எளிதிற் புறக்கணித்தல் இயலாது. எனினும், சுறாவைக் கண்டு அஞ்சி வெறுத்த பலர், அதனைக் கையாற் பிடித்து விட்டபின்னரே அதன்மேற் பரிவு கொள்கின்றனர் என்பதையும் மறுத்தற்கில்லை. பரிவு வளர்வதற்கு முதற்படி, துன்பத்தைக் குறைப்பதேயாம்.

நம் நாட்டில் குமரிக் கரையிலுள்ள தூத்தூர்ப் பகுதி மீனவர் ஆழ்கடல் சென்று சுறா பிடிப்பதிற் பேர்பெற்றவர். அவர்களுக்கு அஃது உயிரை ஒறுத்துச் செய்யும் ஜீவனோபாயம். அதனை இவ்விளையாட்டோடு ஒருங்கு வைத்துப் பேசுதல் முறையன்று. வயிற்றின் பொருட்டுச் செய்வோனிடம் நாம் பொறுத்துக்கொள்ளும் கடுமையை, பொழுதுபோக்கின் பொருட்டுச் செய்வோனிடம் பொறுத்தல் இயலாது. விளையாடுவோனுக்குப் பொறுப்பு மிகுதியேயன்றிக் குறைவன்று.

கோபுரங் கட்டத் தொடங்குமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கும் மனிதனைப் பற்றிய உவமையை நம் கல்லூரிக் கோயிலிற் பலமுறை கேட்டிருக்கிறோம். ரீல் வாங்கச் செல்லும் இளைஞன் கடைவாயிலில் அவ்வுவமையை நினைப்பானாக. தொடக்கத்தில் எறியும் இன்பத்தை மட்டுமன்றி, இறுதியில் அலைநுரையில் முழந்தாளளவு நீரில் நின்று மீனை விடுவிக்கும் அந்தக் கணத்தையும் அவன் கணக்கிற் சேர்க்கட்டும். வலிவுடைய ரீல் அக்கணத்தை விரைவிற் கொண்டுவரும். வலிவற்றது, மீன் செத்தபின்னரே கொண்டுவரும். நாம் கைக்கொள்ளும் எக்கருவியையும் அதன் தொடக்கத்தை நோக்காது முடிவை நோக்கித் தெரிந்துகொள்வதே அறிவுடைமை என்பது எமது துணிபு.