துவாரமா? கத்தியா?

செயலற்றுப்போன மூத்திரக்காயை, அதாவது சிறுநீரகத்தை, எடுத்துவிட வேண்டுமென்று டாக்டர் சொன்னவுடன் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "துவாரம் போட்டா, கத்தி வைத்துக் கிழித்தா?" என்பதேயாகும். துவாரத்தில் ஆரம்பித்த ரணசிகிச்சை நடுவில் கத்திக்கு மாறிவிட்டாலோ, "கிரகதோஷம்" என்று ஜோசியனைத் தேடிப் புறப்படுகின்றார்கள். கிரகத்திற்கும் மூத்திரக்காய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கின்றோம்.

இந்தச் சிகிச்சை வந்த வழியைப் பாருங்கள். 1869ல் ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்து டாக்டர் குஸ்டாவ் சைமன், ஒன்றை எடுத்தால் மற்றொன்று போதுமாவென்று நாய்களிடம் பரீட்சித்துப் பார்த்த பிறகே ஒரு பெண்ணுக்கு எடுத்தார். அவள் பிழைத்தாள். 1990ல் அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்தில் டாக்டர் கிளேமன் கூட்டத்தார், 85 வயது மூதாட்டியின் கட்டி கண்ட சிறுநீரகத்தைச் சிறு துவாரங்கள் வழியாகவே எடுத்துக்காட்டினார்கள். இவர்கள் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்தார்கள்?

துவார முறையில் வயிற்றுக்குள் கரியமிலவாயுவை ஊதி இடமுண்டாக்கி, காமிராக் குழாயை விட்டுப் பார்த்துக்கொண்டே அறுத்தெடுக்கின்றார்கள். வலி குறைவு, ரத்தச்சேதம் குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம், வேலைக்கும் போகலாம். கூலிக்காரனுக்கு இந்தக் கடைசி ஒன்றே பெரிய லாபமல்லவா?

ஆனால் கல்லும் சீழும் க்ஷயமும் வெகுகாலம் குடியிருந்த சிறுநீரகம், பக்கத்துக் குடலோடும் ரத்தக்குழாயோடும் ஒட்டிக்கிடக்கும். அங்கே துவாரத்தையே பிடித்துக்கொண்டிராமல் கத்தியை எடுப்பது தோல்வியல்ல. உயிரைக் காக்கும் புத்தியாகும். ஒட்டவிட்டது கிரகமா? கல்லென்று தெரிந்தும் மந்திரித்த தண்ணீரிலும் வேண்டுதலிலும் கடத்திய வருஷங்களா? (வலியே காட்டாமல் கெட்டுப்போவதும் உண்டு; அதற்கு நோயாளியைக் குறை சொல்வதற்கில்லை.)

ஆகவே முதலில் கேட்கவேண்டியது வேறு. எடுக்கத்தான் வேண்டுமா? வலி, சீழ், ரத்தக்கொதிப்பு போன்ற உபத்திரவம் எதுவும் தராத செத்த சிறுநீரகத்தைச் சில சமயம் அப்படியே விட்டுவைப்பதும் உண்டு. அடுத்தது, மற்றச் சிறுநீரகம் எப்படியிருக்கின்றது? ஐசோடோப் ஸ்கேனில், இரண்டும் சேர்ந்து செய்கின்ற வேலையில் கெட்டதன் பங்கு நூற்றுக்குப் பத்துக்கும் கீழேயானால், பெரும்பாலும் அதைச் செயலற்றதென்றே கொள்கின்றார்கள். மற்றது நல்லதாயிருந்தால் முழுப் பாரத்தையும் முன்பே அது சுமந்து பழகியிருக்கும்; எடுத்த பின்பு பெரிய மாறுதல் தெரியாது. அதுவும் பழுதென்றால் எவ்வளவு சிறிய துவாரமும் உதவாது.

தையல் ஆறியதோடு வேலை தீர்ந்ததென்று எண்ணுகிறவர்களே அநேகர். வருஷந்தோறும் ரத்தக்கொதிப்பையும், ரத்தத்தில் கிரியாட்டினினையும், மூத்திரத்தில் புரதத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இடுப்புவலிக்கென்று கடைக்காரனிடம் கேட்டு வாங்கும் மாத்திரையை, டாக்டரைக் கேளாமல் தொடவே கூடாது.